ஐந்து மாதம் கிடந்த ஃபிலிம்கள்

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ஆந்தை என்று பேர். யார் வைத்தது என்று தெரியாது. ஆனால் வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். இருபத்திரண்டு வருடமாக இருட்டறை வேலை. வெளியே வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே ஆளைச் சொல்லுவாள். பட்டப்பேருக்காகக் கோபித்துக்கொண்டதில்லை. "ஆந்தைக்காவது இருட்டுல கண்ணு தெரியும். எனக்குக் கைதான் தெரியும்" என்பாள். அந்தக் கைதான் அவளுடைய கர்வம். கும்மிருட்டில் முந்நூறு ஃபிலிமைக் கொக்கியில் மாட்டித் தொட்டியில் இறக்கி எடுத்தாலும் ஒன்றில்கூட விரல் தடம் இருக்காது. அவள் கழுவிய ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தால் துடைத்து வைத்த கண்ணாடி தோற்றுப்போகும்.

அவள் கழுவியதில் முகமோ மலையோ கல்யாண ஊர்வலமோ இருக்காது. கதிர்வீச்சோடு வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். அதற்குள், வெளிச்சம் புகாத உறையில், தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஒரு ஃபிலிம். கதிர் படப்பட அதில் கண்ணுக்குத் தெரியாத பதிவு விழும். மாதம் முடிந்ததும் உறையோடு தபாலில் இங்கே வந்துவிடும். டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் இறக்கினால், பட்ட கதிருக்குத் தகுந்த மாதிரி கறுக்கும். எவ்வளவு கறுப்புக்கு எவ்வளவு கதிர் என்று சொல்ல, ஒப்பிட ஏதாவது வேண்டுமே. அதற்காக இங்கேயே சில ஃபிலிம்களுக்கு அளந்து கதிர் கொடுத்து, உறைமேல் பென்சிலால் அளவையும் தேதியையும் எழுதி, வந்த ஃபிலிம்களோடு சேர்த்து வைப்பார்கள். அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். கன்ட்ரோலையும் பேட்ஜையும் ஒரே தொட்டியில் கழுவி, அருகருகே வைத்து அளந்தால் கணக்கு முடிந்தது. எல்லையைத் தாண்டியவனை அன்றைக்கே வேலையிலிருந்து விலக்கி ரத்தம் பார்ப்பார்கள். தாண்டாதவன் அடுத்த மாதத்துக்குப் புதுப் பேட்ஜைக் குத்திக்கொண்டு போவான்.

அவளுடைய தம்பியும் அப்படிக் குத்திக்கொண்டு போகிறவன். பெரிய பெரிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கதிர் விட்டுப் பார்ப்பது அவன் வேலை. மாத்திரை அளவு இருக்கும் கதிர்ப்பொருளை ஒரு கம்பி வழியாக வெளியே தள்ளி, படம் எடுத்ததும் உள்ளே இழுத்துவிட வேண்டும். ஒரு வருடம் அவனுக்கு வாய்த்த இயந்திரத்தில் கம்பி அடிக்கடி சிக்கிக்கொண்டது. சிக்கினால் ஓடிப்போய்க் கையால் சுற்றித்தான் உள்ளே அனுப்புவான். "மாட்டுக்குக் கயிறு மாட்டற மாதிரிதான்கா, ஒரு நிமிஷ வேலை" என்று சிரிப்பான். அவள் திட்டுவாள். "உன் லட்சணம் எல்லாம் ஃபிலிம்ல தெரியும்டா, எங்கிட்ட மறைக்க முடியாது."

அந்த வருடம் பார்த்து இருட்டறையின் குளிரூட்டி படுத்துக்கொண்டது. டெவலப்பர் சூடானால் ஃபிலிம் கண்டபடி கறுக்கும். எனவே தொட்டியையே தொடக் கூடாது. உதிரி பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஐந்து மாதம் ஓடிவிட்டது. மேலாளர் எதற்கும் பிடிகொடுத்துப் பேசாதவர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார் என்பதால் அவருக்குத் தராசு என்று பேர். "அப்படியே இருக்கட்டும். பத்திரமா வெச்சா போதும்" என்றார்.

பத்திரம் என்றால் அவளிடம் கேட்கவா வேண்டும். வந்த பேட்ஜ்களை எல்லாம், விதிப்படி கதிர் கொடுத்த கன்ட்ரோல்களோடு, தகரப் பெட்டிகளில் அடுக்கி, கறுப்புத் துணி சுற்றி, மேல்மாடி ஸ்டோர் ரூமில் ஜன்னலுக்கு அட்டை அடித்து வைத்தாள். ஊசி முனையளவு வெளிச்சம் நுழையாது. வெயில் காலம். கூரை நெருப்பாகக் கொதித்தது. அதன் பிறகு மழை பெய்து சுவரெல்லாம் ஊறியது. அதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. இருட்டறைக்காரர்களுக்கு உலகத்தில் ஒரே எதிரிதான், வெளிச்சம். மற்றதெல்லாம் அவர்களுக்கு வெறும் வியர்வை.

குளிரூட்டி பிழைத்து எழுந்ததும் முதல் தொட்டியில் கன்ட்ரோல்களை இறக்கினாள். வெளியே எடுத்துப் பார்த்தவளுக்கு முகம் சுருங்கிப்போனது. நல்ல கறுப்பாக வர வேண்டியவை பழைய ஈயப் பாத்திரம் மாதிரி சாம்பல் பூத்து, மங்கலாக வந்திருந்தன. கதிர் கொடுத்தபோது தானே எங்கோ சொதப்பிவிட்டோம் என்று நினைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கன்ட்ரோல் கெட்டதில்லை; இந்த அசிங்கத்தை யாரிடம் காட்டுவது? ஒருவரிடமும் மூச்சு விடாமல் அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டாள். அன்று காலையிலேயே புதிதாகக் கதிர் கொடுத்து வேறு கன்ட்ரோல் தயாரித்தாள். அவை பளிச்சென்று வந்தன. அவள் மனசும் குளிர்ந்தது. அவற்றோடு ஒப்பிட்டு ஐந்து மாத பேட்ஜ்களையும் இரண்டு வாரத்தில் அளந்து முடித்தார்கள். ஒருவர்கூட எல்லையைத் தாண்டவில்லை.

தம்பி கேட்டான். "என்னக்கா, என் லட்சணம் எப்படி வந்துது?"

"எல்லைக்குக் கீழதான். பொழச்சே, போ."

இந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தான். புது இயந்திரம் வந்தது, சிக்கல் தீர்ந்தது. ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்கியது. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. எங்கேயோ இடித்துக்கொண்ட மாதிரி உடம்பில் அங்கங்கே நீலம் பாரித்தது. தம்பி மனைவி டாக்டரிடம் போகலாம் என்று தினமும் நச்சரித்தாள். "அக்காவே பார்த்துச் சொல்லிட்டா, அதுக்கு மேல எந்த டாக்டர்?" என்று அவள் வாயை அடைத்துவிடுவான். ஒருநாள் பேருந்திலிருந்து இறங்கும்போதே சுருண்டு விழுந்தான்.

எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜை காய்ந்துவிட்டது என்றார் டாக்டர். இன்னொருவருடைய மஜ்ஜையைச் செலுத்தினால் பிழைக்கலாம். அக்காவுடையதைச் சோதித்தார்கள், கச்சிதமாகப் பொருந்தியது. அந்தச் சிகிச்சையைத் தொழிலாளர் ஆஸ்பத்திரியிலேயே செய்வார்கள், ஆனால் கதிர் எல்லையைத் தாண்டியது என்று பதிவேட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். அதை முடிவு செய்ய ஒரு மருத்துவக் குழு. வெளியே செய்துகொள்ள வேண்டுமென்றால் அந்தச் செலவுக்கு அவர்கள் ஏழு ஜென்மம் எடுக்க வேண்டும்.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டாள்.

"பத்து வாரம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

பதிவேட்டில் தப்பு இருக்குமோ என்று முதலில் அவளுக்குத் தோன்றவே இல்லை. அது அவள் கை போட்ட கணக்காயிற்றே. தம்பியின் பழைய ஃபிலிம்களைக் குழுவிடம் காட்டலாம் என்று எடுக்கத்தான் மேல்மாடிக்குப் போனாள். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது ஓர் உறை. மேலே பென்சிலில் அவளுடைய கையெழுத்து: அளவு, பதினாலு மாதத்துக்கு முந்தைய தேதி. கழுவாத கன்ட்ரோல். கொண்டுபோய்க் கழுவினாள். பக்கத்திலேயே, அதே அளவு கதிர் புதிதாகக் கொடுத்த வேறொன்றையும் கழுவினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், புதியது கறுகறுவென்று இருக்கிறது. பழையது தண்ணீர் கலந்த மைபோல வெளிறிக் கிடக்கிறது.

நறுக்கிப் போட்ட கன்ட்ரோல்களின் நிறம் கண்முன் வந்தது. அன்றைக்கு அவள் ஒன்றும் சொதப்பவில்லை. கழுவாமல் கிடக்கிற ஃபிலிம், வாங்கியதை அப்படியே வைத்துக்கொண்டு இருக்காது. சூட்டிலும் ஈரத்திலும் கிடக்கக் கிடக்க, பதிவு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே போகும். மங்கிய கன்ட்ரோலோடு மங்கிய பேட்ஜை ஒப்பிட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அதற்காகத்தானே கன்ட்ரோலைச் சேர்த்து வைக்கச் சொல்லி விதி. அவள் மங்கிய பேட்ஜைப் புத்தம்புதுக் கன்ட்ரோலோடு ஒப்பிட்டாள். தம்பி வாங்கிய கதிரில் பாதிக்கு மேல் ஸ்டோர் ரூமிலேயே காணாமல் போயிருந்தது. அவள் ஈரத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த அறையின் கதவு கனமானது. சத்தம் வெளியே போகாது.

தராசிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள், நறுக்கிப் போட்டது உட்பட. அவர் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது. "ஆனா இந்த ஃபிலிம் பதினாலு மாசம் கிடந்திருக்கு. அவங்க பேட்ஜ் எல்லாம் அஞ்சு மாசம்தான். அஞ்சு மாசத்துல எவ்வளவு போச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

குழுவும் அதையேதான் கேட்டது. மூன்று பேர், நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெண் டாக்டர், அவர்தான் தலைவி. குரலில் கனிவு இருந்தது. அதனால் பிரயோஜனம் இல்லை.

"உங்கமேல நம்பிக்கை இல்லாம கேக்கலம்மா. எங்களுக்கு ஒரு எண் வேணும். அதே ஃபிலிமுக்கு அளந்து கதிர் கொடுங்க. அதே ரூம்ல, அதே அஞ்சு மாசம் வைங்க. நாங்க சீல் வைக்கறோம். எடுத்துக் கழுவினா எவ்வளவு மங்கிச்சுன்னு தெரிஞ்சுடும். அந்த நிமிஷமே பதிவேட்டைத் திருத்தி ஆர்டர் போடறேன்."

"அஞ்சு மாசம் அவனுக்கு இல்லீங்களே."

"வேற வழி இருந்தா நானே சொல்லுவேன்" என்றார் தலைவி.

ஐந்து மாதம் போனதை நிரூபிக்க ஐந்து மாதம் போக வேண்டும். அதிலும் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். முப்பது ஃபிலிமுக்குக் கதிர் கொடுத்தாள். குழுவின் ஆள் வந்து பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தான். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. பெட்டியைத் திறக்க வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தாள். தம்பியிடமும் அன்றே போய், குப்பைத்தொட்டியில் போட்டதிலிருந்து அரக்கு வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவன் கண்ணை மூடிக் கேட்டான். "சரி விடு. நீ வேணும்னா செஞ்சே?" என்றான். பிறகு, "நீ இருட்டுலயே இருக்கறவ. அந்த ரூம்ல சூடு எப்படியிருக்கும்னு எங்கிட்ட கேட்டிருக்கலாம்" என்று சிரிக்கப் பார்த்தான். மூக்கில் ரத்தம் வந்துவிட்டது.

நான்கு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வாரம் இரண்டு முறை அவனுக்கு ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றிய மறுநாள் எழுந்து உட்காருவான், நான்காம் நாள் துணிபோலத் துவண்டு கிடப்பான். தம்பி மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, பத்து வாரத்துல நாலு போயிடுச்சு. உங்க ஆபீஸ்தானே, உங்க ஃபிலிம்தானே. ஏதாவது பண்ணுங்க அண்ணி."

ஏதாவது என்றால் என்ன என்று அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. நறுக்கிப் போட்ட கன்ட்ரோல்கள் மட்டும் இருந்திருந்தால் இந்தப் பரீட்சையே தேவையில்லை. அவை இல்லை. ஆனால் அவை எப்படி இருந்தன என்று அவள் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தனியாக வந்து இருட்டறையைத் திறந்தாள். புது ஃபிலிம்களுக்குப் பாதிக்கும் குறைவாகக் கதிர் கொடுத்தாள். கழுவி உலர்த்தினாள். உறைகளில் முழு அளவையும், பழைய தேதியையும் எழுதினாள். உறையைத் தரையில் தேய்த்து ஓரங்களை மழுக்கினாள். பொய் சொல்வதாகவே அவளுக்குப் படவில்லை. உண்மையாக இருந்ததைத் திருப்பிச் செய்கிறோம், அவ்வளவுதான் என்று இருந்தது. பழைய கன்ட்ரோல்களைக் குப்பையில் போடவில்லை, ஒரு கோப்பில் சொருகியிருந்தேன், மறந்துபோச்சு என்று தராசிடம் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், ஃபிலிமைப் பார்த்தார், குழுவுக்கு அனுப்பி வைத்தார்.

குழு மறுபடி கூடியது. மேஜைமேல் பால் கண்ணாடி போட்ட விளக்குப் பெட்டி. தலைவி அவள் கொண்டுவந்த கன்ட்ரோல்களை அதன்மேல் வைத்தார். அருகில் தம்பியின் ஐந்து பேட்ஜ் ஃபிலிம்களை வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து மாதம் சூட்டில் கிடந்த ஃபிலிமில் பதிவு மங்குவதோடு போகாது. கதிர் படாத ஓரம்கூடப் புகை படிந்த மாதிரி மெல்லச் சாம்பல் பூக்கும். தம்பியின் ஃபிலிம்கள் அழுக்குப் படிந்த ஜன்னல் மாதிரி இருந்தன. அவளுடையவற்றின் ஓரங்களோ பளிங்கு. புது டெவலப்பர் கரைத்து, சரியான சூட்டில், சரியான நிமிடக் கணக்கில், நாலு தண்ணீர் அலசி எடுத்திருந்தாள். பொய் செய்ய உட்கார்ந்தபோதும் அவளுடைய கைக்கு அழுக்காக ஒரு ஃபிலிம் கழுவ வரவில்லை.

"இது ரெண்டும் ஒண்ணா கிடந்த ஃபிலிமாம்மா?" என்று கேட்டார் தலைவி.

அவள் தன்னுடைய ஃபிலிம்களை ஒவ்வொன்றாக எடுத்து உறையில் போடத் தொடங்கினாள்.

"சீல் வெச்ச பெட்டி எங்க இருக்கு?"

"மேல. ஸ்டோர் ரூம்ல."

"சாவி?"

"எங்கிட்டதான்."

தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. "இனிமே நீங்க தொட்ட எதையும் நான் எடுத்துக்க முடியாது. எடுத்தா நாளைக்கு என்னையும் கேப்பாங்க. நீங்க சொன்னது உண்மையாக்கூட இருக்கலாம்மா. கெடுத்துட்டீங்களே."

பதிவேடு இருந்தபடியே நின்றது. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சீல் வைத்த பெட்டியைக் கணக்கு முடிக்கத் தராசின் அறைக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் வைத்து உடைத்து, உறைகளைப் பிரித்து எண்ணினார்கள். முப்பதும் இருந்தன. பட்டப்பகல் வெளிச்சம் பட்டுவிட்டது; இனிமேல் கழுவினால் எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் வரும்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆஸ்பத்திரிதான் கதி. பத்தாவது வாரம் வந்தது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். போயிற்று. பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. தம்பி சாகவில்லை. தேறவும் இல்லை. ஏற்றிய ரத்தத்தைக் கொண்டு மூன்று நாள், அப்புறம் அடுத்த பாட்டில் என்று பிடிவாதமாக இருந்தான். டாக்டரே வியந்துபோனார். "உடம்பு தாங்குது. ஆர்டர் மட்டும் இருந்தா இன்னிக்குக்கூடச் செஞ்சுடலாம்" என்று அவளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டு, வேகமாக நடந்து போனார்.

சிவப்பு வட்டம் போட்ட தேதி ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள்தான் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். தம்பி எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மனைவி கொண்டுவந்த சாப்பாட்டை நாலு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் பாத்திரம் கழுவப் போனதும், அக்காவைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னான்.

"இன்னிக்குத்தானே பெட்டியைத் திறக்கற நாள்?"

அவன் மறந்திருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனுடைய போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

"நானும் ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டே இருந்தேன். பாட்டில் ஏத்தும்போதெல்லாம், இன்னும் இத்தனை நாள்தான், இருந்துடணும்னு" என்றான். குரலில் கோபம் இல்லை; கணக்குச் சரியாக வந்ததைச் சொல்கிறவன் மாதிரிதான் பேசினான். "நீ போய் அதைச் செஞ்சது தெரிஞ்ச பிறகும் எண்ணறதை நிறுத்த முடியல."

அவள் போர்வையின் நுனியை விடவில்லை.

"நான் செத்துடுவேன்னு அவ்ளோ உறுதியா இருந்தியாக்கா?"

தம்பி களைத்துப்போய்ப் படுக்க வேண்டும் என்று சைகை காட்டினான். அவள் எழுந்து அவன் முதுகுக்குக் கை கொடுத்து, தலையணையை இறக்கிப் படுக்க வைத்தாள்.